சாமுராய் ஆயுதங்கள்: 1274 ஹகாதா போரை அனிமேஷனாக எடுக்கிறோம், விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வரைகோல் | பதிவு 1

வணக்கம் நண்பர்களே,

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எட்டு நிமிட 2டி அனிமேஷன் குறும்படம் ஒன்று செய்கிறோம். மங்கோலியப் படை 1274-இல் ஜப்பானின் ஹகாதா விரிகுடாவில் கரையிறங்கிய நாளில் கதை நடக்கிறது. நாயகன் கியூஷு தீவைச் சேர்ந்த சாமுராய். பெரிய பிரபு கிடையாது, கொஞ்சம் நிலம் வைத்திருப்பவன். அவனோடு வருவது ஐந்தாறு ஆட்கள்தான். ஸ்டோரிபோர்டு பாதி முடிந்துவிட்டது. பாத்திர வடிவமைப்பை இந்த மாதத்துக்குள் முடித்தாக வேண்டும்.

சிக்கல் ஆயுதங்களில்தான். இணையத்தில் தேடினால் எல்லா நூற்றாண்டுகளும் ஒரே படத்தில் கலந்து வருகின்றன. இடுப்பில் இரண்டு வாள் செருகியிருக்க வேண்டுமா? கையில் ஈட்டியா, வில்லா? வாள் எவ்வளவு நீளம்? முகமூடி போட்ட கவசம் சரியா? குதிரைமேல் இருந்து வாள் வீசுவதாக ஒரு பெரிய காட்சி யோசித்திருக்கிறோம். அது நடக்கக்கூடியதா என்றும் சொல்லுங்கள்.

நாணொலி | பதிவு 2

ஆண்டை முதலிலேயே முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது. சாமுராய் என்ற வகுப்பு ஏறத்தாழ 700 ஆண்டுகள் அதிகாரத்தில் இருந்தது. அதற்குள் ஆயுதம், கவசம், போர்முறை எல்லாமே பல தடவை மாறிவிட்டன. 1274-இல் எதெல்லாம் கிடையாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

துப்பாக்கி கிடையாது. போர்த்துகீசியர்கள் வழியாக அது தானேகாஷிமா தீவுக்கு வந்தது 1543-இல். யாரி என்ற நேரான ஈட்டி பரவலானது 14-ஆம் நூற்றாண்டில்தான். நீண்ட ஈட்டியோடு காலாட்கள் வரிசையாக நிற்கும் காட்சி 16-ஆம் நூற்றாண்டுக்குரியது. முழு முகத்தையும் மூடும் கோரமான முகமூடியும், நெற்றியில் பிறை வடிவப் பெரிய சின்னம் வைத்த தலைக்கவசமும் அதே காலத்தவை. கச்சையில் இரண்டு வாள் செருகும் வழக்கம் சாமுராய்களின் அடையாளமாகவே ஆனது எடோ காலத்தில், அதாவது 17-ஆம் நூற்றாண்டிலிருந்து.

இருந்தது என்ன? வில். அப்புறம் குதிரை. அந்தக் காலத்து வீரர்கள் தங்கள் வாழ்முறைக்கே 'வில்லும் குதிரையும் கொண்ட வழி' என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். வாள் இரண்டாவது ஆயுதம். அம்பு தீர்ந்தாலோ, குதிரையிலிருந்து விழுந்தாலோ கை அங்கே போகும். உங்கள் நாயகனை முதலில் குதிரைமேல் இருக்கும் வில்லாளியாக வரையுங்கள். வாளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். கவசத்தின் வடிவம், சேணம், அவன் உட்காரும் விதம் எல்லாமே வில்லை ஒட்டித்தான் அமைந்தவை.

பட்டறைவாசி | பதிவு 3

வாளைப் பற்றி நான் எழுதுகிறேன்.

1274-இல் அவன் அணிவது தாச்சி. கூர்மையான பக்கம் கீழே இருக்கும்படி, இரண்டு வார்களில் இடுப்பின் இடப்பக்கம் தொங்கும். நாம் படங்களில் பார்த்துப் பழகிய கட்டானாவைக் கூர் மேலே இருக்கும்படி கச்சைக்குள் செருகுவார்கள். அது பின்னால் வந்த முறை. இதை மாற்றி வரைந்தால் தெரிந்தவர்கள் முதல் காட்சியிலேயே பிடித்துவிடுவார்கள். அருங்காட்சியகங்களில்கூட தாச்சியைக் கூர் கீழே இருக்கும்படியும் கட்டானாவைக் கூர் மேலே இருக்கும்படியும்தான் வைக்கிறார்கள்.

நீளத்துக்கு ஒரு நல்ல அளவுகோல்: தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் 'தாய்ஹான்யா நாகாமித்ஸு' என்ற தாச்சி. 13-ஆம் நூற்றாண்டு, பிஸேன் பகுதியின் ஓஸாஃபுனே கொல்லர் மரபு. அலகு மட்டும் 73.6 செ.மீ. வளைவு ஒரே சீராக இருக்காது. கைப்பிடிக்கு அருகே நன்றாக வளைந்து, நுனியை நோக்கிப் போகப்போக நேராகும். அந்தக் காலத்துத் தாச்சிக்கே உரிய அழகு அது. வரையும்போது வட்டத்தின் ஒரு துண்டைப் போல வளைத்துவிடாதீர்கள்.

இடுப்பில் இன்னொன்றும் இருக்கும். கைக்காப்பு வட்டு இல்லாத குறுங்கத்தி. அதைக் கச்சையில் செருகுவார்கள். தரையில் உருண்டு புரளும்போது கவசத்தின் இடுக்குகளில் குத்துவதற்கு. ஓ-யொரோய் கவசத்தின் மேல் தாச்சியை எவ்வளவு ஓங்கி வீசினாலும் இரண்டாகப் பிளக்காது. அரக்கு பூசிய தோல், இரும்புச் செதில்களைப் பட்டுக் கயிற்றால் வரிசை வரிசையாகக் கட்டிய கவசம் அது. வெட்டின் வேகத்தை அந்த அடுக்குகளே வாங்கிக்கொள்ளும். முகம், கழுத்து, அக்குள், தொடை ஆகியவைதான் திறந்த இடங்கள்.

உங்கள் நாயகன் சின்ன நிலக்காரன் என்பதால் தங்க வேலைப்பாடு எதுவும் வேண்டாம். கறுப்பு அரக்குப் பூசிய உறை, கறுப்புக் கைப்பிடி, எளிமையான வட்டு போதும்.

திரைமேடை | பதிவு 4

//வாள் இரண்டாவது ஆயுதம்//

வரலாறாக இது சரியாக இருக்கலாம். பார்வையாளர் பக்கமிருந்தும் ஒன்று சொல்கிறேன். நானும் அனிமேஷன் துறைதான். எட்டு நிமிடப் படத்தில் இவன் சாமுராய் என்று முதல் பத்து நொடிக்குள் புரிய வைக்க வேண்டும். இடுப்பில் இரண்டு வாள், உச்சிக் கொண்டை என்றால் உடனே புரிந்துவிடும். வில்லோடு ஒருவன் குதிரையில் வந்தால் அவனையே மங்கோலியன் என்று நினைத்துவிடுவார்கள். கொஞ்சம் காலம் தள்ளிப்போனால்தான் என்ன? நாம் எடுப்பது ஆவணப்படம் இல்லையே.

நாணொலி | பதிவு 5

தோழர், அந்தக் கவலை நியாயமானது. ஆனால் 1274-இன் உருவத்தை ஒரு தடவை நிழலுருவாக வரைந்து பாருங்கள்.

வில் ஆளைவிட உயரம். இன்றைய க்யூடோ (ஜப்பானிய வில்வித்தை) வில்லே 221 செ.மீ. பிடிக்கும் இடம் நடுவில் இல்லை, கீழிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில். மேல்பாதி நீண்டு, கீழ்பாதி குறுகி இருக்கும். உலகத்தில் வேறு எந்தப் போர்வில்லையும் இதோடு குழப்பிக்கொள்ள முடியாது. தோள்களிலிருந்து இரண்டு பெரிய செவ்வகப் பலகைகள் தொங்கும். இரண்டு கையும் வில்லுக்கே போய்விடுவதால் கேடயம் பிடிக்கக் கை இல்லை, அந்தப் பலகைகளே கேடயம். தலைக்கவசத்தின் கழுத்துத் தட்டு குடைபோல விரிந்து, முகத்தின் இரு பக்கமும் காதுபோல மடிந்திருக்கும். உடற்கவசம் பெட்டி மாதிரி.

எதிரில் வரும் மங்கோலிய வீரன் கையில் இருப்பது குட்டையான வில். கொம்பும் விலங்கு நரம்பும் சேர்த்து ஒட்டிய, இரு பக்கமும் சமமான வில். உடம்பில் நீண்ட அங்கி. இரண்டு பேரையும் கறுப்பு மையில் நிரப்பினால்கூட யார் யார் என்று தெரியும். இரண்டு வாள் செருகிய உருவத்தை ஆயிரம் தடவை பார்த்தாகிவிட்டது. இந்த உருவத்தைத் திரையில் பார்த்தவர்கள் குறைவு.

முகமூடி இல்லாதது உங்களுக்கு நன்மை. இந்தக் காலத்தில் நெற்றியையும் கன்னத்தையும் மட்டும் மறைக்கும் ஒரு தகடு உண்டு, அதுவும் எல்லோரும் அணிந்ததில்லை. கண்ணும் வாயும் தெரியும், முக பாவனையை முழுதாகக் காட்டலாம்.

திரைமேடை | பதிவு 6

நிழலுரு பற்றிச் சொன்னது ஏற்கத்தக்கது. அந்த நீண்ட வில்லோடு ஒரு முழுக்காட்சி தொடக்கத்திலேயே வந்தால் வாளை நம்பி இருக்க வேண்டியதில்லை. ஆனால் எனக்கு இன்னொரு கேள்வி. இரண்டு மீட்டர் வில்லைக் குதிரைமேல் எப்படி இயக்குவது? அனிமேட்டருக்கு அதுதான் தலைவலி.

நாணொலி | பதிவு 7

இயக்கத்தை மெதுவாகப் பிரித்து எழுதுகிறேன், கீஃப்ரேம் போடுபவருக்கு உதவும்.

வில் இடக்கையில். அம்பு வில்லின் வலப்பக்கம் அமரும். ஐரோப்பிய வில்லாளி மூன்று விரலால் நாணை இழுப்பான், அவன் அம்பு இடப்பக்கம் இருக்கும். ஜப்பானியன் இழுப்பது கட்டைவிரலால், தோல் கையுறை போட்டு. ஐரோப்பிய வில்லாளிகளைப் பார்த்து வரைந்தால் இது தவறாகிவிடும்.

அம்பு வைத்ததும் இரண்டு கையும் தலைக்கு மேலே எழும்பும். அங்கிருந்து இடக்கை முன்னால் தள்ள, வலக்கை பின்னால் இழுக்க, இரண்டும் பிரிந்தபடியே கீழே இறங்கும். வலக்கை தாடையோடு நிற்காது, காதைத் தாண்டிப் பின்னால் போகும். இழுப்பு முடியும்போது மார்பு முழுக்க விரிந்திருக்கும். விட்டதும் வலக்கை தானாகவே பின்னால் திறந்துகொள்ளும். இந்தக் கடைசி அசைவை வெட்டிவிடாதீர்கள், விசையே அதில்தான் தெரிகிறது.

கவசத்தின் மார்பில் வழவழப்பான அச்சுத் தோல் ஒன்று போர்த்தியிருக்கும். நாண் செதில்களில் மாட்டாமல் இருக்க. இடக்கைக்கு மட்டும் கவசக் கைச்சட்டை, வலக்கைக்கு வெறும் துணி. இழுக்கும் கை தடையில்லாமல் அசைய வேண்டுமே. இரண்டு கையையும் ஒரே மாதிரி வரைந்தால் அந்தக் காலத்து ஆள்போல இருக்காது.

குளம்படி | பதிவு 8

குதிரையைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். பந்தயக் குதிரையைப் பார்த்து வரைந்துவிடாதீர்கள். இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள்.

ஜப்பானின் நாட்டுக் குதிரைகள் தோளுயரத்தில் 130 செ.மீ. அளவுதான். குட்டைக் கால், தடித்த கழுத்து, பெரிய தலை, அடர்ந்த பிடரி. இன்றைக்கும் இருக்கும் கிஸோ இனக் குதிரைகளின் படங்களைப் பாருங்கள், அந்த உடல்வாகு புரியும். கவசமே 25 கிலோவுக்கு மேல், கூட ஆள், சேணம், ஆயுதம். இவ்வளவையும் சுமந்துகொண்டு மணலில் நெடுந்தூரம் பறக்க முடியாது. சின்னச் சின்னப் பாய்ச்சல்தான், நடுவில் நடை. வேகத்தைக் காட்ட நினைத்தால் காலடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நீண்ட எட்டு வைக்க விடாதீர்கள்.

அங்கவடி மேற்கத்திய வளையம்போல இருக்காது. முன்பக்கம் மேல்நோக்கி வளைந்து, பாதம் முழுதும் உள்ளே அமரும் பெரிய தட்டு அது. வீரன் அதன் மேல் எழுந்து நின்று, குதிரையின் குலுக்கலை முழங்காலில் வாங்கிக்கொண்டு எய்வான். மேல்உடம்பு கிட்டத்தட்ட அசையாது. ரிக் செய்யும்போது (உருவத்துக்கு அசைவுக் கட்டுப்பாடுகள் பொருத்தும்போது) இடுப்புக்கு மேலே ஒரு கட்டுப்பாடு, கீழே தனிக் கட்டுப்பாடு என்று பிரித்துவிடுங்கள். அந்த ஒரே முடிவில் காட்சி உயிர்பெறும்.

லாடம் இல்லை. இரும்பு லாடம் பரவியது மெய்ஜி காலத்தில்தான் (1868-க்குப் பிறகு), அதற்கு முன்பு பயணத்துக்கு வைக்கோல் செருப்பு கட்டுவார்கள். அப்புறம் அவர்கள் குதிரை ஏறுவது வலப்பக்கமிருந்து. 16-ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் இருந்த லூயிஸ் ஃப்ரோய்ஸ் என்ற பாதிரியார்கூட இந்த வேறுபாட்டைக் குறித்து வைத்திருக்கிறார்.

பார்த்து வரைய அசைவு வேண்டுமென்றால் யபுஸாமே (ஓடும் குதிரைமேல் இருந்து அம்பெய்யும் சடங்கு) காணொளிகளைத் தேடுங்கள். காமாகுராவின் த்ஸுருகாஓகா ஹாச்சிமான் ஆலயத்தில் செப்டம்பர் 16 அன்று நடப்பது புகழ்பெற்றது. ஆனால் அங்கே அணிவது வேட்டை உடை. போர்க்கவசம் அல்ல. உடம்பசைவை எடுத்துக்கொள்ளுங்கள், உடையை விட்டுவிடுங்கள்.

வரைகோல் | பதிவு 9

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. பதிவு 7-ஐ அப்படியே எங்கள் அனிமேட்டருக்கு அனுப்பிவிட்டேன்.

அந்தக் காலத்து ஆட்களே வரைந்த படம் ஏதாவது இருக்கிறதா? அருங்காட்சியகப் பொருள்கள் தனித்தனியாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒரு மனிதன் எல்லாவற்றையும் சேர்த்து அணிந்து, போரில் நிற்கும் படம் கண்ணில் படவில்லை.

ஏட்டுச்சுவடி | பதிவு 10

இருக்கிறது. அதுவும் உங்கள் போரையே வரைந்தது.

தாகேஸாகி ஸுவேநாகா என்ற வீரர், ஹிகோ மாகாணத்தவர் (இன்றைய குமாமோதோ), 1274-இலும் 1281-இலும் மங்கோலியர்களோடு சண்டை போட்டவர். தான் பட்ட பாட்டைத் தானே சொல்லி ஓவியச் சுருளாக வரைய வைத்தார். 'மோகோ ஷூராய் எகோதோபா' என்று அதற்குப் பெயர், 1293-ஐ ஒட்டிய காலம். இப்போது தோக்கியோவில் பேரரசக் குடும்பச் சேகரிப்புகளுக்கான அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 2021-இல் தேசியச் செல்வமாக அறிவித்தார்கள். சுருளின் படங்கள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும்.

உங்கள் நாயகனைப் போலவே அவரும் பெரிய ஆள் இல்லை. 1274-இல் அவரோடு இருந்தது அவரையும் சேர்த்து ஐந்தே குதிரைகள். பின்னால் வரும் படைக்குக் காத்திராமல் பாய்ந்தார், குதிரை அடிபட்டது, அவரும் காயப்பட்டார். ஷிரோய்ஷி மிச்சியாஸு என்பவர் பெரிய குழுவோடு வந்துதான் காப்பாற்றினார். அந்தக் கணம்தான் சுருளின் மிகப் புகழ்பெற்ற படம்: ரத்தம் பீறிடும் குதிரை துள்ளுகிறது, மேலே ஸுவேநாகா, இடப்பக்கம் மூன்று எதிரி வீரர்கள், நடுவானில் வெடிக்கும் குண்டு. அந்த மூன்று வீரர்களும் குண்டும் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். எனவே அவர்களின் உடையை மட்டும் அடிப்படையாக வைக்காமல், சுருளின் மற்ற பகுதிகளில் வரும் எதிரிப் படையையும் பாருங்கள்.

போருக்குப் பிறகு நடந்தது என் மனதைத் தொட்ட பகுதி. ஸுவேநாகாவுக்கு வெகுமதி கிடைக்கவில்லை. 1275-இல் குதிரையையும் சேணத்தையும் விற்றுப் பயணச் செலவு திரட்டிக்கொண்டு, ஆட்சியின் தலைமையிடமான காமாகுராவுக்கே போனார். அங்கே அடாச்சி யாஸுமோரி என்ற உயர் அதிகாரியிடம் நேரில் முறையிட்டு நிலமும் ஒரு குதிரையும் பெற்றுத் திரும்பினார். ஒரு வீரனுக்குத் தன் சேணத்தை விற்பது எவ்வளவு பெரிய முடிவு என்று யோசித்துப் பாருங்கள். ஆயுதங்களை வரையும்போது அவை அவன் சொந்தக் காசில் வாங்கியவை என்பதை மறக்க வேண்டாம். அரசு கொடுத்த சீருடை கிடையாது. ஐந்தாறு ஆட்களின் கவசமும் ஐந்தாறு விதமாக இருக்கட்டும்.

பட்டறைவாசி | பதிவு 11

ஏட்டுச்சுவடி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கூட வரும் நடை வீரர்களுக்கு நாகினாதா கொடுங்கள். நீண்ட கம்பின் முனையில் வளைந்த அலகு. குதிரையின் காலையும் சேணத்தில் இருப்பவனையும் ஒருசேர எட்டும். சுருளிலும் அது வருகிறது. குமாதே என்று, கரடிக் கைபோல வளைந்த கொக்கிகள் கொண்ட ஒரு கம்பும் அந்தக் காலத்தில் உண்டு. குதிரையில் இருப்பவனை இழுத்துத் தள்ளவும் படகைப் பிடித்து இழுக்கவும் உதவும். திரையில் அது புதுமையாக இருக்கும்.

அலைவரிசை | பதிவு 12

நான் ஒலி வேலை செய்பவன். ஆயுதத்தைப் பேசும்போது ஓசையையும் பேசிவிடுவோம்.

வாளை உருவும்போது 'ஷ்ஷிங்' என்று இரும்பு உரசும் சத்தம் போடாதீர்கள். உறை மரம். அலகின் அடியில் இருக்கும் செம்புப் பட்டை உறையின் வாயில் இறுக்கமாக அமர்ந்திருக்கும், அது விடுபடும்போது மரத்தில் சின்னதாக ஒரு 'டக்'. பிறகு கிட்டத்தட்ட அமைதி. கடலோரப் போரின் இரைச்சலில் அதுகூடக் கேட்காது.

போரில் உண்மையாகக் காதில் விழுவது வேறு. நாண் விடுபடும் ஓசை. ஊதும் அம்பு ஒன்று உண்டு, முனையில் துளைபோட்ட உள்ளீடற்ற மரக்குமிழ், பறக்கும்போது விம்மும். போர் தொடங்குவதை அறிவிக்க அதை எய்வார்கள். மங்கோலியர் பக்கம் முரசும் சேகண்டியும். லாடமில்லாத குளம்பு மணலில் விழுவது கனத்த மென்சத்தம். அரக்குச் செதில்கள் ஒன்றோடொன்று மோதுவது உலோகம்போல ஒலிக்காது, உலர்ந்த மரச்சில்லுகளைக் குலுக்கினால் வரும் ஓசைக்கு நெருக்கமானது. அந்தச் செதில் ஓசையை நாயகனின் மூச்சோடு சேர்த்துக் கலந்தால், அவன் திரையில் இல்லாதபோதும் அருகில் இருப்பது தெரியும்.

திரைமேடை | பதிவு 13

ஊதும் அம்பு என்றதும் ஒரு கதை ஞாபகம் வருகிறது. சாமுராய்கள் ஒவ்வொருவராக முன்னே வந்து தன் பெயரையும் குலத்தையும் உரக்கச் சொன்னார்கள், ஊதும் அம்பு எய்தார்கள், மங்கோலியர்கள் கூட்டமாகச் சிரித்துவிட்டு அம்பு மழை பொழிந்தார்கள் என்று படித்திருக்கிறேன். காட்சியாக மிகவும் வலுவானது. அதை வைக்கலாமா?

ஏட்டுச்சுவடி | பதிவு 14

அது 'ஹாச்சிமான் குதோகுன்' என்ற நூலிலிருந்து வருவது. ஹாச்சிமான் தெய்வத்தின் அருளால்தான் நாடு பிழைத்தது என்று சொல்வதற்காக எழுதிய கோயில் நூல் அது. மனிதர்கள் எவ்வளவு திணறினார்களோ அவ்வளவு தெய்வத்துக்குப் பெருமை. அதனால் வீரர்களை அப்பாவிகளாகக் காட்டுவதில் அதற்கு ஆதாயம் இருக்கிறது.

ஸுவேநாகாவின் சொந்த விவரிப்பில் படம் வேறு. ஒருவரோடு ஒருவர் மோதும் மரியாதைச் சண்டை அங்கே கிடையாது. குழுவாகப் பாய்கிறார்கள். யார் முதலில் பாய்ந்தது என்பதில் போட்டி. அதற்குச் சாட்சி வேண்டும் என்ற பதைப்பு வரிக்கு வரி தெரிகிறது. தெரிந்த வீரர் ஒருவரோடு தலைக்கவசத்தையே மாற்றிக்கொள்கிறார், பிறகு ஒருவருக்கொருவர் அடையாளம் சொல்லிச் சாட்சியாக இருக்கலாம் என்பதற்காக. சாட்சி இல்லாவிட்டால் வெகுமதி இல்லை.

பெயர் சொல்லும் காட்சிக்குப் பதில் இந்தத் தலைக்கவச மாற்றத்தை வையுங்களேன். இரண்டு பேர், இரண்டு நொடி, வசனமே வேண்டாம். பயமும் நட்பும் கணக்கும் அதில் சேர்ந்தே இருக்கின்றன.

திரைமேடை | பதிவு 15

அது அருமை. முன்பு கேட்டதைத் திரும்பப் பெறுகிறேன், இதையே வையுங்கள்.

கரைமேடு | பதிவு 16

வெடிகுண்டு பற்றி ஒரு சின்ன விஷயம். 'தெத்ஸுஹாவ்' என்ற அந்தக் குண்டுகள் சுருளில் மட்டும் இல்லை. நாகாஸாகி மாவட்டத்தின் தாகாஷிமா தீவருகே கடலடியில் உண்மையிலேயே கிடைத்திருக்கின்றன. 1281-இல் மூழ்கிய கப்பல்களோடு சேர்ந்தவை. அந்தக் கோஸாகி அகழாய்விடத்தை 2012-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள், கடலுக்கடியில் இருக்கும் இடத்துக்கு ஜப்பானில் அதுதான் முதல் தடவை. குண்டு உலோகம் அல்ல, சுட்ட மண். சின்னத் தேங்காய் அளவு உருண்டை, மேலே ஒரு துளை. சிலவற்றை உள்ளே படம் எடுத்தபோது இரும்புத் துண்டுகள் தெரிந்தன. ஆக, வெடிக்கும்போது மண்சில்லும் இரும்பும் சிதறும். ஆரஞ்சு நிறத் தீக்கோளம் வரையாதீர்கள். வெள்ளை-சாம்பல் புகை, குட்டித் தீப்பொறி, சில்லு. முக்கியமாகக் குதிரைகள் மிரள்வது.

அப்புறம், பின்னணி வரைபவரிடம் ஒரு வேண்டுகோள். கடற்கரையில் கல்மதில் போடாதீர்கள். ஹகாதாவின் புகழ்பெற்ற மதில் முதல் படையெடுப்புக்குப் பிறகு, 1276-இல் கட்டத் தொடங்கியது. இன்றும் ஃபுகுவோகாவில் இமாஸு, இகினோமாத்ஸுபாரா பகுதிகளில் அதைப் பார்க்கலாம். 1274-இல் அங்கே மணல், பைன் மரம், சேற்று நிலம். புயலும் அப்படியே. கப்பல்களை அழித்த பெரும் புயல் 1281-இல். 1274-இல் எதிரிகள் ஏன் திரும்பினார்கள் என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது. புயலை முடிவாக வைத்திருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

நாணொலி | பதிவு 17

கரைமேட்டோடு உடன்படுகிறேன். புயல் வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டால் இந்த எட்டு நிமிடமும் அவன் பட்ட பாடு வீணாகிவிடும். காலையில் வந்து பார்த்தால் கப்பல்கள் இல்லை என்பதே போதும்.

//குதிரைமேல் இருந்து வாள் வீசுவதாக ஒரு பெரிய காட்சி//

முதல் பதிவின் இந்தக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நடக்கக்கூடியதுதான். தாச்சியை ஒரு கையால் வீசலாம், மறுகையில் கடிவாளம். ஆனால் அதைப் பெரிய காட்சியாக வைக்க வேண்டாம். குதிரை விழுந்து, அம்பு தீர்ந்து, வில்லும் கைநழுவிய பிறகு தரையில் தாச்சி வெளியே வரட்டும். அதுவரை வாள் உறையிலேயே இருந்தால், உருவும் அந்த 'டக்' சத்தத்துக்கு ஒரு கனம் வரும்.

பட்டறைவாசி | பதிவு 18

வாள் வெளியே வரும் அந்த ஒரே காட்சிக்காக ஒன்று சொல்கிறேன். அலகின் ஓரத்தில் அலையலையாக ஓடும் வெண்பட்டையை அழுத்திக் கோடாக வரையாதீர்கள். அது மேலே தீட்டிய அலங்காரம் அல்ல. களிமண்ணைக் கூர்ப்பக்கம் மெலிதாகவும் முதுகுப்பக்கம் தடிப்பாகவும் பூசி, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். மெலிந்த பக்கம் வேகமாகக் குளிர்ந்து கடினமாகும், தடித்த பக்கம் நெகிழ்வாக இருக்கும். கடினமான பக்கம் கொஞ்சம் விரிவதால் அலகு அந்த நொடியில் இன்னும் வளைகிறது. அந்த எல்லைதான் வெண்பட்டையாகத் தெரிவது. வெளிச்சம் சாய்வாகப் பட்டால் மட்டும் மங்கலாகப் புலப்படும். அதனால் அலகு திரும்பும் இரண்டு மூன்று ஃப்ரேமில் மட்டும் மின்னி மறையட்டும்.

'லட்சம் தடவை மடித்தது' என்றெல்லாம் வசனம் வைக்காதீர்கள். மடிப்பது பெரும்பாலும் 10 முதல் 15 தடவை. ஒவ்வொரு தடவையும் அடுக்கு இரட்டிப்பாவதால் அதுவே ஆயிரக்கணக்கான அடுக்கு ஆகிவிடும்.

வரைகோல் | பதிவு 19

எங்கள் குழுவில் பேசினோம். இரண்டாம் வாள் போகிறது, முகமூடி போகிறது, மதில் போகிறது, புயல் போகிறது. தலைக்கவச மாற்றம் உள்ளே வருகிறது. குதிரைகளை மறுபடி வரைகிறோம்.

கடைசியாக நான்கு சந்தேகம். அம்பை முதுகுத் தூணியிலிருந்து தோளுக்கு மேலாக எடுப்பதாக வரைந்திருக்கிறோம், சரியா? நாண் அறுந்தால் என்ன செய்வான்? பாய்ச்சல் காட்சியில் அவன் திரையின் எந்தப் பக்கம் நோக்கி ஓட வேண்டும் என்பதிலும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. அருங்காட்சியகப் படங்களைப் பயன்படுத்துவதில் உரிமைச் சிக்கல் வருமா என்றும் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி | பதிவு 20

உரிமை பற்றி நான் சொல்கிறேன். ஜப்பானின் தேசிய அருங்காட்சியகங்கள் சேர்ந்து நடத்தும் 'கோல்பேஸ்' தளத்தில் இருக்கும் படங்களை, எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டால் வணிகப் பயன்பாட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகமும் 2017-லிருந்து பொதுவுடைமைப் படைப்புகளின் படங்களைத் தடையின்றித் திறந்துவிட்டிருக்கிறது, அங்கே ஓ-யொரோய் கவசமும் உண்டு. எப்படியும் நீங்கள் பார்த்து வரையத்தான் போகிறீர்கள், படத்தை அப்படியே ஒட்டப்போவதில்லை. இறுதிப் பெயர்ப்பட்டியலில் அந்த நிறுவனங்களுக்கு ஒரு வரி நன்றி போடுங்கள்.

நாணொலி | பதிவு 21

அம்பு தோளுக்கு மேலாக வராது. எபிரா என்ற கூடு வலப்பக்க இடுப்பில், கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். அடியில் சின்னப் பெட்டி, மேலே சட்டம், நடுவில் அம்புகளைக் கட்டிய கயிறு. அம்பின் பெரும்பகுதி வெளியே தெரியும். வலக்கை பின்னால் போய், அம்பின் கீழ்ப்பாகத்தைப் பிடித்து, பெட்டியிலிருந்து லேசாகத் தூக்கி, கீழ்ப்பக்கமாக உருவி முன்னால் கொண்டுவரும். தோளில் தொங்கும் அந்தப் பெரிய பலகையை வைத்துக்கொண்டு கையை முதுகுக்கு மேலே உயர்த்தவே கஷ்டம்.

மாற்று நாண் ஒன்றைச் சுற்றிய பிரம்பு வளையம் இடப்பக்கம் தாச்சியோடு தொங்கும். குதிரைமேல் இருந்தபடி அந்தப் பெரிய வில்லுக்கு நாண் பூட்ட முடியாது. நாண் அறுந்தால் அந்தச் சண்டைக்கு வில் இல்லை என்றே வையுங்கள். உங்கள் கதையில் வில் கைவிட்டுப் போகும் இடத்துக்கு இது பொருந்தலாம்.

திசைக்கு வருவோம். குதிரைமேல் இருப்பவன் இடப்பக்கம் தாராளமாக எய்யலாம். வலப்பக்கம் திரும்பி எய்வது மிகக் கடினம், வில் குதிரையின் கழுத்தில் இடிக்கும். ஆக எதிரி வலப்பக்கம் இருந்தால் குதிரையையே திருப்பியாக வேண்டும். அவன் திரையின் இடப்பக்கம் நோக்கி ஓடினால் நமக்குத் தெரிவது அவனுடைய இடப்புறம்: வில், கவசக் கை, தாச்சி, நாண் வளையம். வலப்பக்கம் நோக்கி ஓடினால் தெரிவது எபிரா, துணிச்சட்டை போட்ட கை. ஸுவேநாகாவின் சுருளிலும் அவர் இடப்பக்கம் நோக்கித்தான் பாய்கிறார். பாய்ச்சலை வலமிருந்து இடமாக வையுங்கள். குதிரை அடிபட்டுத் திரும்பும்போது மட்டும் திசை மாறட்டும், அவன் எய்ய முடியாத பக்கம் எதிரிக்குத் திறந்துவிட்டது என்று பார்ப்பவருக்கு உடம்பிலேயே உறைக்கும்.

குளம்படி | பதிவு 22

திரும்பும் அந்த இடத்தில் ஒரு சின்னக் கோரிக்கை: குதிரையைப் பின்னங்காலில் நிமிர்த்தி நிறுத்தாதீர்கள். அடிபட்ட குதிரை முதலில் தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் ஒதுங்கும், பிறகுதான் துள்ளும்.

வரைகோல் | பதிவு 23

குறித்துக்கொண்டேன். பாய்ச்சல் பகுதி முழுவதையும் வலமிருந்து இடமாகத் திருப்பி வரையத் தொடங்கிவிட்டோம். எபிராவின் கயிற்றுக் கட்டும் நாண் வளையமும் தனித்தனி அடுக்காக வரைந்து, அசைவுச் சோதனையை அடுத்த வாரம் இங்கேயே ஏற்றுகிறேன். முதலில் வில் இழுப்பைப் பாருங்கள், கையின் கோணம் தப்பாகத் தெரிந்தால் ஃப்ரேம் எண்ணைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.